சோத்துக்கடை மருதாயி கொலை வழக்கு

போடிநாயக்கனூர் ஏட்டு ஜக்கையனைக் கெடுத்தது கள்ளும் இல்லை, சீட்டாட்டமும் இல்லை. துப்பறியும் நாவல்.

சீமையில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மதுரையிலிருந்து வந்த ஒரு நாவலில், துப்பறிவாளர் ஒருவர் இருபது வருஷத்துப் பழைய கொலையைத் தோண்டியெடுத்துக் குற்றவாளியைக் கூண்டில் ஏற்றியிருந்தார். அதைப் படித்த நாளிலிருந்து ஜக்கையனுக்குச் சோறு இறங்கவில்லை. நாம் இத்தனை வருஷ உத்தியோகத்தில் என்னத்தைக் கிழித்தோம் என்று யோசித்துப் பார்த்தார். ஒரே ஒரு ஆட்டுத் திருடனைப் பிடித்திருந்தார். அதுவும் ஆடு கத்தியதால்.

போடியில் தோண்டுவதற்குத் தோதாக ஒரு பழைய மர்மம்தான் இருந்தது. அது மருதாயி.

மலைப்பாதை தொடங்கும் முந்தலில் மருதாயி சோத்துக்கடை வைத்திருந்தாள். ஏலக்காய் மூட்டை இறக்குகிறவர்கள், பொதிமாட்டுக்காரர்கள், தோட்டக்கூலிகள் எல்லோருக்கும் அங்கேதான் சாப்பாடு. குடித்துவிட்டுச் சந்தையையே கலைக்கிற முரடன்கூட அவள் கடைக்குள் பூனை மாதிரி உட்கார்ந்து தின்றுவிட்டுப் போவான். தனியாக இருக்கிற பொம்பளைதானே என்று எவனும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். கல்யாணமான புதிதில் புருஷன் அமாவாசையோடு ஏலக்காய் எடுக்க மலையேறியவள், ஒற்றையாளாக இறங்கி வந்தாள். கையில் அரிவாள். "ஒம் புருசன் எங்கடி?" என்று கேட்டவர்களிடம் "போயிட்டான்" என்றாள். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. சவமும் கிடைக்கவில்லை, சாட்சியும் இல்லை. ஊர் வாயைப் பொத்திக்கொண்டது.

ஆனால் ஜக்கையன் நாவல் படித்தவர் ஆயிற்றே. மலையிலிருந்து வந்த அன்றே அவள் தாலியைக் கழற்றிவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் தொடையைத் தட்டினார். காணாமல் போனவனுக்காகப் பெண்டாட்டி காத்திருப்பாள். அன்றைக்கே தாலியைக் கழற்றினால் என்ன அர்த்தம்?

நேராகக் கடைக்குப் போய் இலையில் உட்கார்ந்தார்.

"அமாவாசை எப்படிச் செத்தான், மருதாயி?"

"செத்ததைக் கண்ணால பாத்தவுக யாரு?"

"ஊரே சொல்லுது."

"அப்ப ஊரைப் போய்க் கேளுங்க ஏட்டய்யா. ஒங்களுக்கு வேற சோலி இல்லையா? இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தவா?"

ஊற்றினாள். குடித்தார். நாவலில் விஷம் வைத்தது ரசத்தில்தான் என்பது பாதிவழியில் ஞாபகம் வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்.

இனித் தடயம் மலைமேல்தான். நாவலில் வருவது போலவே மாறுவேஷம் போட்டார்: பண்டாரம். காவி, உருத்திராட்சம், கூத்துக்காரனிடம் இரவல் வாங்கிய தாடி. சாரலில் நனைந்து, அட்டைக்கடியைச் சொறிந்துகொண்டே போடிமெட்டு ஏறியபோது எதிரே வந்த கூலிப்பெண்கள், "ஏட்டய்யா, தாடி ஒரு காதுல தொங்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எல்லை தாண்டி, போடிக்காரர்கள் எட்டிப் பார்க்காத உள்காட்டுத் தோட்டங்களில் விசாரித்தார். மூன்றாம் நாள் ஒரு காவல்காரன் தலையாட்டினான். "அமாவாசையோ? வரூ, ஸ்தலம் காணிச்சுத் தராம்."

அவன் ஓடையைத் தாண்டி, ஏலச்செடிகளுக்கு நடுவே கூட்டிப் போய் ஓர் இடத்தைக் காட்டினான். ஜக்கையன் பேயறைந்தவர் போல நின்றார். துப்புத் துலங்கிவிட்டது!

அவர் முந்தலுக்கு இறங்கி வருவதற்குள், ஏட்டு துப்புத் தேடி மலையேறிய சேதி பரவி, கடைவாசலில் கூட்டம் கூடிவிட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

"மேல போயிட்டுத்தேன் வர்றேன், மருதாயி. பாத்துட்டேன்."

அகப்பை அவள் கையிலிருந்து நழுவியது. எவனுக்கும் அசையாத பொம்பளை அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு அரிவாளைத் தூக்குனது நெசந்தேன்" என்றாள். "ஏட்டய்யா, ஒங்க கால்ல விழுறேன். வெளிய சொல்லிராதீக. தெரிஞ்சா இந்தக் கடையில நான் நிம்மதியாப் படுத்து எந்திரிக்க முடியாது."

"இம்புட்டு வருசத்துல நான் உருப்படியாக் கண்டுபிடிச்சது இது ஒண்ணுதேன், ஆத்தா."

"அதை எனக்குப் பிச்சையாப் போட்டுருங்க."

ஜக்கையன் கண்ணை மூடினார். சப்-இன்ஸ்பெக்டர் தொப்பி ஒன்று தலை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போவது தெரிந்தது. கதவைத் திறந்தார்.

வண்டிக்காரன் பால்சாமி முன்னால் நின்றான். நல்ல போதை. "என்னண்ணே, துப்புக் கெடைச்சதா?"

"சாட்சி இல்ல, ஒண்ணும் இல்ல. ஆனா ஒண்ணு மாப்ளே, இந்த அம்மாகிட்டப் பாத்து நடந்துக்க. அம்புட்டுத்தேன் சொல்லுவேன்."

பால்சாமி மெல்ல வண்டிப் பக்கம் நகர்ந்தான். கூட்டம் கடைவாசலை விட்டு நாலடி பின்வாங்கியது. பின்வாங்கியவர்களில் ஒருவன்தான், "தாடி வச்சும் துப்புக்கெட்ட ஏட்டாவே வந்துருக்காரு" என்றான். ஊரே சிரித்தது. ஜக்கையனும் சேர்ந்து சிரித்தார்.

'துப்புக்கெட்ட ஏட்டு' என்ற பட்டத்தைப் பென்ஷன் வரைக்கும் மறுபேச்சுப் பேசாமல் சுமந்தார்.

வேறொருத்தியோடும் ஐந்து பிள்ளைகளோடும் காவல்காரன் காட்டிய மலைக்குடிசை வாசலில் உட்கார்ந்திருந்த அமாவாசை, "வாங்க சாமி, கஞ்சி குடிக்கிறீகளா?" என்று தன்னைக் கேட்டதை மட்டும் அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.