ஏழாம் பாகம் சரியில்லை

புத்தகத்தை மூடிய ரவூஃப், "இந்த ஏழாம் பாகம் சரியில்லை மேடம்," என்றார்.

இஹ்ஸான் புதினாத் தேநீரை அவர் பக்கம் நகர்த்தினாள். பால்கனிக்குக் கீழே கெய்ரோவின் மாலை நெரிசல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"என்ன குறை?"

"முதல் ஆறு பாகத்துலயும் ஷம்ஸா மெட்ரோ ரயில்ல புகுந்து ஜின் பூதங்களைப் பிடிப்பா. அதுங்களோட அவ போடுற வாய்ச்சண்டையில சிரிச்சு வயிறு வலிக்கும். இதுல எந்நேரமும் காணாமப்போன புருஷனையே தேடுறா. ஜின் எதிர்ல வந்து நின்னாக்கூட, 'அவரைப் பாத்தியா?'ன்னு கெஞ்சுறா."

"அவ்வளவு மோசமா?"

"மோசம் இல்லை. ஆனா இது முதல் ஆறையும் எழுதின அந்தக் குறும்புக்கார ஆள் எழுதினது இல்லை. யாரையோ பறிகொடுத்துட்டுத் தவிக்கிறவங்க எழுதினது."

இஹ்ஸான் தலையசைத்தாள். "நான்தான் எழுதினேன். அவருக்கு மறதி நோய். இந்தப் பாகம் பாதியில நின்னுடுச்சு."

"அடடா! அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"புருஷன்."

"இப்ப எங்கே இருக்கார்?"

அவள் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். பின்னட்டைப் படத்தில் ரவூஃப் சிரித்துக்கொண்டிருந்தார்.

நாற்காலியில் இருந்த ரவூஃப், யாரோ அந்நியரைப் பார்ப்பதுபோல் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல மனுஷனாத் தெரியறார். எட்டாம் பாகத்துலயாவது ஷம்ஸா புருஷனைக் கண்டுபிடிச்சிடணும் மேடம்."

"கண்டுபிடிச்சிடுவா," என்றாள் இஹ்ஸான், அவர் தோளில் சால்வையைச் சரிசெய்தபடி. "அவருக்குத்தான் அவளை அடையாளம் தெரியணும்."