பதினோரு கேக்குகளின் மீதி

பேக்கரி அடைக்கும் நேரத்தில் மிஞ்சும் கேக்குகளை எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைப்பார்கள். எதையும் வெட்டக் கூடாது. மீதி விழுவது பங்கு வைப்பவருக்கு. தினமும் பங்கு வைப்பது கேஷியரம்மாதான்.

"இன்னிக்கு நான் வகுக்கறேன்," என்றார் மாஸ்டர்.

"வகுத்தல் வருமா மாஸ்டர்? கேக்கு பதினொண்ணு, நாம அஞ்சு பேர். ஆளுக்கு ரெண்டு, மீதி ஒண்ணு. அந்த ஒண்ணுக்கா இத்தனை ஆசை?" என்றாள் கேஷியரம்மா.

மாஸ்டர் நேரே போய், எதிர்த் தையல்கடையின் ஏழு பேரையும் அழைத்து வந்தார். "இவங்களுக்கும் பங்கு உண்டு!"

"கொடைவள்ளல்யா நீங்க!" என்றார் ஒரு தையல்காரர்.

"பன்னெண்டு பேர், பதினோரு கேக்கு. ஆளுக்குப் பூஜ்யம். மீதி பதினொண்ணும் எனக்கு!" மாஸ்டர் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று ஆடினார்.

"நில்லுங்க. எனக்குப் பங்கு வேண்டாம். இப்ப வகுங்க பார்ப்போம்," என்றாள் கேஷியரம்மா.

பதினோரு பேர், பதினோரு கேக். ஆளுக்கு ஒன்று, மீதி பூஜ்யம். தையல்கடையே விசிலடித்தது.

"உங்களுக்கும்தான் பூஜ்யம், கேஷியரம்மா!" என்று மாஸ்டர் தன் ஒற்றைக் கேக்கை வாயருகே கொண்டுபோனார்.

அவள் அதை வெடுக்கென்று பிடுங்கி ஒரு கடி கடித்தாள்.

"ஷட்டரை இறக்குங்க, வீட்டுக்குப் போகலாம். கட்டின புருஷன்கிட்ட வகுத்தல் எதுக்கு? கழித்தலே போதும்!"