கோட்டை விட்ட நாள்

எண்ணூர் முகத்துவாரத்தில் தண்ணீரின் சூட்டைத் தினமும் அளந்து எழுதித் தருவது நீலாவின் வேலை.

ஆய்வாளர் ஜெமிமா கம்ப்யூட்டரைக் காட்டினாள். வெயில் ஏற ஏறத் தண்ணீரும் சூடாகி, இருபத்தொன்பது நாட்களின் புள்ளிகள் ஒரே கோட்டில் நின்றன. பதினேழாம் தேதி மட்டும் எங்கோ உயரத்தில் நின்றது.

“இந்தக் கணக்கு முறை பெரும்பாலான நாளைத்தான் நம்பும், நீலா. ஒத்துவராததைத் தனியா காட்டிக்கொடுத்துடும். அன்னிக்குத் தெர்மாமீட்டர் ரிப்பேரா?”

“ஆமா மேடம், பேஜாரு பண்ணிகினு இருந்துச்சு.”

“அப்போ அதை எடுத்துடறேன். அனல்மின் நிலையம் விடுற கொதிதண்ணில மீன் சாகுதுன்னு குப்பத்து ஆளுங்க கொடுத்த புகார் பொய்தான்.”

புகாரின் முதல் கையெழுத்து நீலாவின் புருஷன் ராமதாஸுடையது.

இருபத்தொன்பது நாள் சூட்டையும் அவள் வீட்டில் உட்கார்ந்து, போனில் வெயிலைப் பார்த்துத்தான் எழுதியிருந்தாள்.

பதினேழாம் தேதி மட்டும்தான் தண்ணீரில் இறங்கினாள்.