ஈரம் பார்க்கும் குச்சி

ஏரியூரில் அர்ச்சுனனின் தக்காளித் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயோடு ஒரு குச்சியையும் நட்டிருந்தார்கள். மண் காய்ந்தால் அதுவே மோட்டாரைப் போட்டுவிடுமாம். அன்றிலிருந்து அவர் கண்ணை மூடினால் போதும், சொட்டுச் சொட்டாய்ச் சத்தம் கேட்கும். மலையடிவாரம் வரை செக்கச்செவேலென்று பழம் தொங்கும்.

கண்ணைத் திறந்தால் செடிகள் துவண்டு கிடந்தன.

"ஆறு நாளா மோட்டாரே ஓடலீங்க மேடம்," என்றார், குச்சியை நட்டுப்போன ஆஷிகாவிடம்.

அவள் மோட்டார் கொட்டகையில் நின்றபடியே கைப்பேசியைப் பார்த்தாள். "மண்ணு நல்ல ஈரமா இருக்குன்னு காட்டுதுங்களே அண்ணா. குச்சி பொய் சொல்லாது."

"அப்ப நான் சொல்றது பொய்யுங்களா?"

அதற்குள் அவர் மனைவி சின்னம்மாள் ஈரத்தலையோடு வரப்பில் வந்தாள். நேராகக் குச்சியிடம் போய், மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, ஒரு சொம்புத் தண்ணீரை அதன் அடியில் ஊற்றிக் கும்பிட்டாள். இங்கே அர்ச்சுனனும் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆஷிகா ஓடினாள். "அக்கா, தினமுமா ஊத்துறீங்க?"

"பின்னே? இத்தனை செடிக்கும் தண்ணி வுடப்போற சாமி. அது தாகமா நிக்கலாமுங்களா?"