எத்துப்பல்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான், என் தம்பி நமச்சிவாயம், அவன் மனைவி, மகள் தெய்வானை, மாப்பிள்ளை, அவருடைய தகப்பனார், அவருடைய அத்தை சொர்ணம், போட்டோக்காரர். மற்ற யாருக்கும் இதைப் பற்றிப் பேச உரிமை இல்லை.

எங்கள் குடும்பத்துக்கே எத்துப்பல். என் தகப்பனார் அந்தப் பல்லோடுதான் ஊர்க்கூட்டத்தில் தலைமை வகித்தார். நானும் யாருக்காகவும் உதட்டை இழுத்து மூடியதில்லை. தம்பி மட்டும் பள்ளிக்கூட நாளிலிருந்தே வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவான். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நிச்சயத் தட்டு மாற்றுவதற்கு முன் படம் எடுத்தார்கள். தெய்வானை சிரித்தாள்.

"ஏட்டி, வாயை மூடு. படத்துல பல்லு மட்டுந்தான் விழும்" என்றாள் சொர்ணம். மாப்பிள்ளை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி வாயைப் பொத்திக்கொண்டு, "கல்யாணத்துக்குள்ள கம்பி போட்டுச் சரி பண்ணிருதோம் மதினி" என்று கெஞ்சினான். என் கண்ணெதிரே கெஞ்சினான். நான் எழுந்தேன். அதற்குள் தெய்வானை வந்து அவன் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

"இது உங்க பல்லுல்லாப்பா. எனக்குப் பிடிச்சிருக்கு. எதுக்கு மூடுதீய?"

அவன் அவளையே பார்த்தான். கை மறுபடி மேலே போகவில்லை.

பல்லைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்று போய்விட்டதாக ஊரில் பேசுகிறார்களாம். பொய். அவர்கள் கொண்டுவந்த தட்டைத் திருப்பிக் கொடுத்தவன் என் தம்பி. இரண்டு கையாலும் கொடுத்தான்.