எண்பத்தேழு வீட்டுப்பாடங்கள்

முதலில் ஸ்டூல்களை எடுத்தார்கள். அடுத்து டீ இடைவேளையைப் பதினைந்து நிமிஷத்திலிருந்து ஏழாகக் குறைத்தார்கள். மூன்றாவதாக, இஸ்திரி ஹாலில் எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தினார்கள், கரண்ட் மிச்சமாம். நான்காவதாக, ஷிஃப்டை ஒரு மணி நேரம் நீட்டினார்கள். இதையெல்லாம் தொழிலாளர்கள் எழுதிக் கொடுத்ததும் நிர்வாகத்தார் ஐந்தாவதைச் செய்தார்கள்: ‘புகார்கள் ஆங்கிலத்தில் மட்டுமே’ என்று போர்டு மாட்டி, மனுக்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஆறாவதாக இவள் வந்தாள்.

அந்த ஸ்டீம் லாண்டரி ஆபீசில் தபால் வாங்கும் கிளார்க். சாப்பாட்டு நேரத்தில், துணி மடிக்கும் ஹாலில், தொழிலாளர்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு ஆரம்பித்தாள்.

சங்கத் தலைவர் தூணில் சாய்ந்து நின்று கவனித்தார். முப்பது வருஷமாக இஸ்திரிப் பெட்டியோடும் நிர்வாகத்தோடும் மல்லுக்கட்டுகிறவர்.

“டெட் ஆன் மை ஃபீட். நின்னு நின்னே உசுரு போயிடுச்சுன்னு அர்த்தம்,” என்று பாடம் எடுத்தாள் கிளார்க்.

“இதைத்தானேம்மா நான் கேட்ல நின்னு தொண்டை கிழியச் சொல்றேன்?”

“அதையே இங்கிலீஷ்ல சொல்லிப் பாருங்கண்ணே.”

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

மறுநாள் ‘பர்ன்ட் அவுட்’. அதற்கு மறுநாள் ‘சிக் அண்ட் டயர்ட்’.

“அப்படின்னா உடம்பு சரியில்லைன்னு அர்த்தமாக்கா?” என்றாள் துணி மடிக்கிறவள்.

“இல்ல. அலுத்துப்போச்சு, இனிமே தாங்காதுன்னு அர்த்தம். இதை வெச்சு உங்க வேலையைப் பத்தி மூணு வரி எழுதிட்டு வாங்க. பேரு, தேதி, கையெழுத்து.”

“வீட்டுப்பாடத்துக்கு எதுக்கும்மா கையெழுத்து?” தலைவர் குறுக்கிட்டார்.

அவள் எல்லோருக்கும் வெள்ளைத்தாள் கொடுக்கத் தொடங்கினாள்.

மறுநாள் சாயங்காலம் தலைவரே கண்ணால் பார்த்துவிட்டார். அவர்கள் எழுதி வந்த தாள்களையெல்லாம் அவள் ஃபைலில் வைத்து, நேரே மானேஜர் அறைக்குள் எடுத்துப் போனாள்.

“யாரு முணுமுணுக்கறாங்கன்னு லிஸ்ட் எடுக்கறா. கருங்காலி,” என்றார் கேட் மீட்டிங்கில். அன்றிலிருந்து அவளுக்கு அவர் வைத்த பெயர் அதுதான். முகத்துக்கு நேராகவும் சொன்னார். அவள் தலை குனிந்து போனாள்.

ஆனால் வகுப்பில் கூட்டம் கூடியது. கேட் மீட்டிங்கில் குறைந்தது.

இரண்டு மாதம் அலைந்து, தலைவர் தொழிலாளர் அதிகாரியை லாண்டரிக்கே வரவழைத்தார். மடிக்கும் ஹாலில் விசாரணை. தொழிலாளர்கள் சுற்றி நின்றார்கள்.

“முதல்ல நிர்வாகத்துக்கு எழுத்துமூலமா புகார் கொடுத்திருக்கணும்,” என்றார் அதிகாரி. “இல்லைன்னா கேஸை இங்கேயே மூடிடுவேன். வந்திருக்கா?”

“ஒண்ணுகூட வரலை சார்,” என்றார் மானேஜர்.

திரும்பி வந்த மனுக்கள்தான் தலைவர் கையில் இருந்தன.

“வந்திருக்கு சார்.” கிளார்க் ஒரு தடித்த ஃபைலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். “எண்பத்தேழு. இங்கிலீஷ்ல. எல்லாத்துக்கும் தபால் நம்பர் போட்டிருக்கு. பார்த்ததுக்கு மானேஜர் கையெழுத்தும் இருக்கு.”

மானேஜர் எட்டிப் பார்த்தார். “தினமும் நூறு தபால்ல கையெழுத்துப் போடறேன் சார். இதெல்லாம் யாரு படிச்சா?”

“படிக்காம கையெழுத்துப் போட்டேன்னு எழுதிக்கட்டுமா?” என்றார் அதிகாரி.

மானேஜர் உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் மெல்லத் திரும்பினார். “உங்களுக்கெல்லாம் இது தெரியுமா?”

“எங்களைக் கேட்டுத்தான் அனுப்பினாங்க தலைவரே,” என்றாள் துணி மடிக்கிறவள். “உங்ககிட்ட சொன்னா மைக் போட்டுச் சொல்லிடுவீங்களே.”

அதிகாரி தாள்களைப் புரட்டி முடித்தார். “புகார் செல்லும். விசாரணை முடியறவரைக்கும் ஃபேன் ஓடணும், ஸ்டூல் திரும்பி வரணும், பழைய நேரம்தான்.”

ஹால் அதிர்ந்தது. கைதட்டல் அடங்கப் பொறுத்து அவர் தொடர்ந்தார்.

“இனி சாட்சிகள் முன்னாடி முதல் புகார்தாரர் பேரைப் படிக்கணும்.”

முதல் பெயருக்குத்தான் முதல் வெட்டு. முப்பது வருஷத்தில் தலைவர் எத்தனை பார்த்திருக்கிறார்.

“இந்த ஜனங்களோட மனுக்களைத் திருப்பி அனுப்பி அனுப்பி ஐ ஆம் சிக் அண்ட் டயர்ட்னு எழுதியிருக்கு,” என்ற அதிகாரி, கீழே இருந்த பெயரை உரக்கப் படித்தார்.

லாண்டரியில் தலைவருக்குத் தெரியாத பெயரே கிடையாது. இது யாரென்று தெரியவில்லை.

“நான்தான் சார்,” என்று முன்னால் வந்து நின்றாள் கருங்காலி.