பொறுமையோடு சேரும் சொற்கள்

கணவன் இத்ரீஸ் வேலை செய்யும் நாட்டுக்குப் போக, நஸீமா ஆங்கிலத் தேர்வில் தேறியாக வேண்டும். தினமும் அவன்தான் போனில் பாடம் எடுத்தான். யாருக்குப் போன் வந்தாலும் கூடத்தில் உட்கார்ந்து பேசுவது அந்த வீட்டு வழக்கம். மாமனார், மாமி, ஓயாத டிவி. அவர்களுக்கு ஆங்கிலம் புரியாது என்பதுதான் இவர்கள் இருவருக்கும் கிடைத்த ஒரே தனியறை.

“பேஷன்ஸ். பொறுமை. அதோட என்னென்ன வார்த்த சேரும்?”

“ஹேவ் பேஷன்ஸ். லூஸ் பேஷன்ஸ்.” குரல் தாழ்ந்தது. “ரன் அவுட் ஆஃப் பேஷன்ஸ்.” பொறுமை தீர்ந்துபோவது.

“கடைசியாச் சொன்னத இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னாள்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமி நஸீமாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய் மொட்டைமாடிச் சாவியைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள்.

“இங்க ஒரே சத்தம். மேல போயிப் படி புள்ள.”

மாடியில் காய்ந்த துணிகளைத் தவிர யாருமில்லை. இனி எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்லலாம்.

“நஸீமா?” என்றான் அவன்.

கொடியில் தொங்கிய அவனுடைய பழைய சட்டையை இறுகப் பற்றிக்கொண்டாள். வாயைத் திறந்தாள், மூடினாள்.

“அடுத்த வார்த்தயக் கேளுங்க” என்றாள்.